எனக்கு டிபி இல்லை, ஆனாலும் மாத்திரை சாப்பிட்டேன்

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்து மட்டும் போதவில்லை, பயாலஜிக் ஊசிக்குப் போகலாம் என்றார் டாக்டர். வலி எப்போது குறையும் என்று கேட்டேன். “அதற்கு முன்னால் டிபி பார்த்துவிட வேண்டும்” என்றார். மூட்டு வலிக்காரனிடம் எதற்கு டிபி பேச்சு என்று எரிச்சலாக இருந்தது.

காரணத்தை அவரே சொன்னார். டிபி கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் வந்துவிடாது. எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றிவளைத்து அடைத்துவிடும். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த மதில் இடியாமல் நிற்க டிஎன்எஃப் என்ற புரதம் வேண்டும். நான் போடப்போகும் ஊசியின் வேலையே அந்த டிஎன்எஃபை அடக்குவதுதான்!

ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா? மருத்துவமனை, சிறை, சுரங்கம், கல் உடைக்கும் இடம் எதிலாவது வேலை பார்த்ததுண்டா? சர்க்கரை, எச்ஐவி, டயாலிசிஸ், உறுப்பு மாற்று, புகை, குடி? கலந்துகட்டிய பட்டியல் போலத் தெரிந்தாலும் அதில் இரண்டு ரகம் உண்டு. சில கேள்விகள் கிருமி தொற்றும் வாய்ப்பைப் பற்றியவை, மற்றவை உள்ளே தூங்குவது விழித்துக்கொள்ளும் வாய்ப்பைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டு எழுந்த பிறகுதான் தாத்தா ஞாபகம் வந்தது. அவருடைய ஓயாத இருமலை வீட்டில் ‘நெஞ்சுச் சளி’ என்றுதான் சொல்வார்கள். நான் தூங்கியது அவர் பக்கத்தில். திரும்பப் போய் ஒரு பதிலை அடித்துத் திருத்தினேன்.

டிபி கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க முன்கையில் மாண்டூ ஊசி போட்டார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வந்து காட்ட வேண்டும். நர்ஸ் சிவப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. பால்பாயின்ட் பேனாவைத் தோலில் மெல்ல இழுத்துக்கொண்டே வந்து, தடிப்பில் முட்டி நின்ற இடத்தில் நிறுத்தினார். எதிர்ப் பக்கத்திலிருந்தும் அப்படியே. நடுவில் ஸ்கேல் வைத்தார்: 3 மில்லிமீட்டர். என்னைப் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு 5 வந்தாலே பாசிட்டிவ். தப்பித்தோம் என்று நினைத்தேன். டாக்டர் விடவில்லை. அதே மருந்துகள் தோலையும் ஏமாற்றி, தடிப்பு வராமலே செய்துவிடுமாம். அதே தொற்றை ரத்தத்தில் தேடும் இக்ரா பரிசோதனை எழுதினார். அது பாசிட்டிவ்.

நோயாகவே இருக்கிறதா என்பதை இந்த இரண்டு சோதனையும் சொல்லாது. இருமல், காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு எதுவும் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆக, மறைநிலைத் தொற்று. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு டிபி தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது கணக்கு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் என்றைக்காவது நோயாக மாறும். என் ஊசி போன்றவை குறுக்கிட்டால் அந்த வாய்ப்பு ஏறும்.

வீட்டில் சொன்னதும், “தட்டு, டம்ளரைத் தனியா வச்சிடட்டுமா?” என்றாள் அக்கா. மறைநிலையில் இருப்பது யாருக்கும் ஒட்டாது, நோயாகவே வந்தாலும் காற்று வழியாகத்தான் பரவும், தட்டால் இல்லை என்று புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது.

உள்ளே தூங்குவது விழித்துக்கொள்ளாமல் இருக்க வாரம் ஒரு தடவை ஐசோனியாசிட், ரிஃபாபென்டைன் மாத்திரைகள், கூடவே வைட்டமின் பி6. மொத்தம் 12 வாரம். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பதறிவிட்டேன். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்து ஓடியதால் அடிக்கடி கல்லீரல் சோதனை. மூட்டுக்காக நான் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டின் வேகத்தையும் ரிஃபாபென்டைன் குறைத்துவிடும், அதனால் மூன்றாவது வாரம் விரல்களை மடக்கவே முடியவில்லை. இந்த ஏற்பாட்டில் என்னை நிஜமாகவே சோதித்தது அந்த வாரம்தான். ஒரு மாதம் தாண்டியதும் பயாலஜிக் தொடங்கினார்கள்.

கடைசி வேளை முடிந்த அன்று டாக்டர் ஒரு தாளில் மருந்து, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இக்ரா இனிமேலும் பாசிட்டிவ் என்றே வரலாம், யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள் என்றார். ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் உடனே வரவேண்டும் என்று அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறார்.