பல்லவி இல்லாத ஒரு ஹிட் பாட்டு

மார்ச் 3, திங்கள்

இந்த மாதம் ஆர்.ஈ.எம். குழுவின் ‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டை விட்டு நகர்வதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். 1991 பிப்ரவரியில் சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனிப் பாட்டாக, வெளிவந்தது. குழு ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற கல்லூரி நகரத்தில் 1980இல் தொடங்கியது. 1991க்கு முன்பே அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலின் முதல் பத்தில் அவர்கள் பாட்டு இரண்டு முறை ஏறியிருந்தது. ஆனாலும் ராக் இசையில் அக்கறையே இல்லாதவர்களுக்கும் அவர்கள் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் பாட்டுதான்.

ஹெட்போனில் கேட்டால் முதலில் காதில் விழுவது மாண்டலின். நமக்கு மாண்டலின் என்றால் யு. ஸ்ரீனிவாஸ், அவர் கையில் இருந்தது ஐந்து தந்தி வைத்த மின் மாண்டலின், கமகம் அதில் வழுக்கிக்கொண்டு போகும். ஆர்.ஈ.எம். குழுவின் கிட்டார்காரர் பீட்டர் பக் கையில் இருப்பது எட்டுத் தந்தி, ஜோடி ஜோடியாகக் கட்டிய சாதாரண மாண்டலின். நாதம் சட்டென்று அடங்கிவிடும். அதனால் வாசிப்பவர் விடாமல் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பாட்டில் வரும் தவிப்பில் பாதி அந்த ஓயாத மீட்டலில் இருக்கிறது என்பது என் கட்சி.

மார்ச் 4, செவ்வாய்

பக் அப்போது மாண்டலின் பழகிக்கொண்டிருந்த ஆள். வருடக்கணக்கில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துச் சலித்துப்போய் அதை வாங்கியிருக்கிறார். டிவி பார்த்தபடி வாசித்துப் பதிவு செய்து, மறுநாள் போட்டுக் கேட்டால் முழுக்கப் பயிற்சித் தடுமாற்றம். நடுவில் இந்த மெட்டு மட்டும் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் இருந்த தடுமாற்றத்தையும் யாராவது வெளியிட்டால் காசு கொடுத்து வாங்குவேன்.

மார்ச் 8, சனி

கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்த்தேன். சரணம் ஏ மைனர், ஈ மைனர் என்ற இரண்டு கார்டுகளுக்கு (ஒன்றாக மீட்டும் சுரக் கூட்டு) இடையே போய்ப் போய் வருகிறது, அப்புறம் டி மைனர், ஜி. தொடக்க நிலை மாணவனுக்குக் கூடக் கை வந்துவிடும். வாசிக்க எளிது, ஆனால் எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை. காரணம், கூட்டமாகச் சேர்ந்து பாடுவதற்கென்று ஒரு பல்லவி இதில் கிடையாது. அலை எழும்பும், உச்சிக்குப் போகும்போதே திரும்பிவிடும்.

ரெக்கார்ட் கம்பெனியின் தயக்கம் இதனால் புரிகிறது. பல்லவி இல்லை, முன்னால் நிற்பது மாண்டலின், நீளம் நாலரை நிமிடத்தை நெருங்குகிறது. முதல் சிங்கிளாக இதை விட வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். குழு பிடிவாதமாக நின்றது. கடைசியில் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம். அவர்கள் அங்கே அதற்கு மேல் ஏறியதே இல்லை. பிரிட்டனில் 19. ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பம் மார்ச்சில் வந்து இரண்டு நாடுகளிலும் முதலிடத்தைப் பிடித்தது.

மார்ச் 9, ஞாயிறு

பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். மைக் மில்ஸ் இதைப் போடும்போது ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ஜான் மெக்வியை மனதில் வைத்திருந்தாராம். தெரிந்தபின் கேட்டால் அந்தச் சாயல் நன்றாகவே தெரிகிறது: குறைவான சுரங்கள், அவசரமே இல்லை. வயலின்கள் வருவதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவு அடக்கம். குரலைப் பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஒரே டேக்கில் பாடி முடித்துவிட்டார்.

தலைப்பில் ‘ரிலிஜன்’ (மதம்) இருப்பதால் பாட்டின் பொருள் பற்றி நிறையப் பேர் மதச் சர்ச்சையாக எழுதியிருக்கிறார்கள். ஸ்டைப் சொன்னது வேறு: திரும்பக் கிடைக்காத ஆசை, ஒருவர் மேல் பைத்தியமாக இருப்பது, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்ற பதற்றம். கூச்சக்காரனின் பாட்டு. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வீடியோவுக்குப் போக வேண்டும்.

மார்ச் 15, சனி

இன்று முழுவதும் வீடியோ. இயக்கியவர் தர்செம் சிங், ஜலந்தரில் பிறந்தவர், கலிபோர்னியாவில் படித்தவர். ஸ்டைப் கேட்டது எளிமையாக ஒரு வீடியோ. பாடகி ஷினேட் ஓ’கானரின் முகத்தை மட்டுமே நம்பி எடுத்த ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ மாதிரி. தர்செமுக்கு வேண்டியிருந்ததோ, சில இந்தியப் படங்களில் வருவதுபோல் எல்லாமே மிகையாக, கனவு மாதிரி. இந்த இழுபறி படம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது.

தொடக்கத்தைப் பாருங்கள். இருட்டறை, திறந்த ஜன்னலில் நீர் சொட்டுகிறது. பக், மில்ஸ், டிரம்மர் பில் பெரி மூவரும் அறையின் குறுக்கே ஓடுகிறார்கள். ஸ்டைப் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் விளிம்பிலிருந்து பால் ஜாடி விழுந்து உடைகிறது, பாட்டு தொடங்குகிறது. ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் கடைசிப் படமான ‘தி சாக்ரிஃபைஸ்’ படத்தில் போர் விமானங்கள் கூரைக்கு மேலே இரைந்து போகும்போது ஒரு பால் ஜாடி இப்படித்தான் விழும். தர்செம் விமானங்களை எடுத்துவிட்டார். அங்கே உலகம் அழியும் பயம். இங்கே ஒருத்தர் வாயைத் திறக்கப் போகிறார் என்ற பயம். திருட்டு என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் பார்க்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

வீடியோவின் கதை என்று ஏதாவது இருந்தால் அது எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸின் சிறுகதையிலிருந்து வந்தது: சிறகு முளைத்த ஒரு கிழவர் ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பார், வீட்டுக்காரர்கள் அவரைக் கோழிக்கூண்டில் அடைத்துக் கட்டணம் வாங்கி வேடிக்கை காட்டுவார்கள். அதோடு இத்தாலிய ஓவியர் காரவாஜியோவின் ஒளி, அம்பு தைத்த புனித செபாஸ்தியார், இயேசுவின் காயத்தில் விரல் வைத்துப் பார்க்கும் தோமா, நம் சாமிகள். நம் சாமிகள் வரும் இடம் அச்சு அசல் காலண்டர் படம்! ஓவியம்போல் உறைந்த இந்தக் காட்சிகளில் யாரும் அதிகம் நகர்வதில்லை.

இவ்வளவும் தேவையா? எனக்குச் சந்தேகம்தான். சிறகு செய்யும் தொழிலாளிகள் வரும் காட்சிகள் ஒரு கட்டத்துக்கு மேல் அலுக்கின்றன. வடிவமைப்பு அழகு, ஆனால் பாட்டில் இருக்கும் கூச்சம் அங்கே காணாமல் போகிறது. அது திரும்பி வருவது ஸ்டைப் ஆடும்போது. கையை உதறி, உடம்பைக் கோணி ஆடும் அந்த ஆட்டத்தில் கொஞ்சம் ஷினேட், கொஞ்சம் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டேவிட் பைர்ன் என்று அவரே சொல்லியிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஆடுகிற ஆள் மாதிரி இருக்கிறது. அதற்கு முன்பு வந்த வீடியோக்களில் பாட்டுக்கு வாயசைக்க மறுத்துவந்தவர், இதில் ஒத்துக்கொண்டார். அந்தச் சம்மதம் இல்லாமல் இருந்திருந்தால் மிஞ்சியிருப்பது அழகான பொம்மைக் கொலுதான்.

மார்ச் 22, சனி

ஒரு விஷயம் தாமதமாக உறைத்தது. இந்த ஆல்பத்துக்காக அவர்கள் ஊர் ஊராகப் போகவே இல்லை. 1989இல் நீண்ட சுற்றுப்பயணம் போய்க் களைத்திருந்தார்கள். 1991 ஏப்ரலில் எம்டிவி இசைச் சேனலின் ‘அன்ப்ளக்டு’ நிகழ்ச்சி போல ஒன்றிரண்டு, அவ்வளவுதான். அப்படியென்றால் 1991இல் புதிதாக இவர்களைக் கண்டுகொண்ட பெரும்பாலானவர்களுக்குக் கச்சேரி என்பதே இந்த வீடியோதான். கம்பெனிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது.

செப்டம்பரில் எம்டிவி வீடியோ விருதுகளில் ஒன்பது பிரிவுகளில் பெயர் வந்து ஆறு கிடைத்தது: ஆண்டின் சிறந்த வீடியோ, இயக்கம், கலை இயக்கம், எடிட்டிங் எல்லாம் அதில் சேர்த்தி. அடுத்த வருடம் இரண்டு கிராமி. எடிட்டிங்குக்குக் கிடைத்ததில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. உறைந்த ஓவியத்துக்கும் உதறி ஆடும் மனிதனுக்கும் இடையே வெட்டிய இடங்கள் ஒவ்வொன்றும் மாண்டலினோடு மூச்சு விடுகின்றன.

அன்றைய விழா மேடையில் ஸ்டைப் ஒன்றின் மேல் ஒன்றாக டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு வந்தார். விருது வாங்க ஏறும்போதெல்லாம் ஒன்றைக் கழற்ற, அடுத்த வாசகம் தெரியும்: மழைக்காடுகள், துப்பாக்கிக் கட்டுப்பாடு, காதலுக்கு நிறம் கிடையாது. தர்செமின் தேவதைகளுக்கும் தெய்வங்களுக்கும் நடுவே எளிமையாக எதையாவது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டவர், வீடியோவில் கிடைக்காத வாய்ப்பை பனியனில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.