காற்றில் கிடந்த அலுமினா

முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட வினையூக்கி, அலுமினிய ஆக்சைடின் ஒரு வடிவமான காமா அலுமினா. மெத்தனாலை டைமெத்தில் ஈத்தராக மாற்ற உதவுவது அதன் அமிலத்தன்மை. அந்த அமிலத்தன்மை சூட்டுக்கு ஏற்ப எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அலுமினாவுக்கு மூலப்பொருளான போமைட் பொடியை 500, 700, 900, 1200 டிகிரி செல்சியஸில் தலா நான்கு மணி நேரம் ஃபர்னஸில் வைத்தேன்.

போமைட் அலுமினாவாகும்போது கணக்குப்படி 15 சதவீத எடை நீராகப் போக வேண்டும். ஒட்டியிருந்த ஈரமும் சேர்ந்து போனதால், வைத்த பத்து கிராமில் எட்டு கிராம்தான் மிஞ்சியது. பார்வைக்கு அதே வெள்ளைப் பொடி. மேற்பரப்பு மட்டும் வேறு ஆளாகியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில்கள் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள்) சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறாகக் கிளம்பிவிடும். ஓர் ஆக்சிஜன் தங்கிவிடும். மூடியிருந்த ஓர் அலுமினியம் திறந்துகொள்ளும். எலக்ட்ரான் இணையை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கும் அந்த இடம்தான் லூயிஸ் அமில இடம்.

அந்த இடங்களை அளக்க பிரிடின் என்ற காரப் பொருளின் ஆவியை ஒட்டவைத்து ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுப்போம். லூயிஸ் இடத்தில் ஒட்டினால் 1450 அலை எண் பக்கம் முகடு வரும். செப்டம்பரில் 500 டிகிரி சாம்பிளுக்கு நல்ல உயரமான முகடு. நவம்பரில், அதே குப்பியிலிருந்து எடுத்த பொடிக்குப் பாதி உயரம்கூட இல்லை. பிரிடினை மாற்றினேன், சாம்பிள் வைக்கும் செல்லைக் கழுவினேன், மூன்று வாரம் போனது. தூக்கமே வரவில்லை.

லேபில் மூத்த அக்கா ஒருவர், குப்பியை ஈரம் படாமல் வைத்திருந்த டெசிகேட்டர் பாத்திரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த சிலிக்கா ஜெல் எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார். நீலமாக இருக்க வேண்டிய மணிகள் எல்லாம் ஈரம் ஏறி வெளிர் ரோஜா நிறம். வெளியே சென்னையின் கார்த்திகை மழை. அலுமினா அந்த ஈரத்தைக் குடித்து, திறந்த இடங்களை மறுபடி ஹைட்ராக்சிலால் மூடிக்கொண்டிருந்தது. 120 டிகிரியில் உலர்த்தினால் போதும் என்று நினைத்திருந்தேன். மேலே சும்மா ஒட்டிய நீர் மட்டும்தான் அதில் போகும். வேதிப் பிணைப்போடு உட்கார்ந்த ஹைட்ராக்சில் அசையாது.

அப்புறம் ஐ.ஆர். செல்லுக்குள்ளேயே வெற்றிடத்தில் 450 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தேன். ஒட்டிய நீரால் 3400 பக்கம் பரந்து கிடந்த மேடு கரைந்து, 3700-க்கு மேல் தனித்தனி ஹைட்ராக்சில்களின் சிறு கூர் முகடுகள் தெரிந்தன. பிரிடினை விட்டதும் 1450 பழையபடி எழுந்தது. அந்தத் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1200 டிகிரி சாம்பிளுக்கும் அதையே செய்து பார்த்தேன். பலிக்கவில்லை. அது வேறு படிக வடிவமான ஆல்ஃபா அலுமினாவாகி, துகள்கள் ஒன்றோடொன்று இறுகி, கிராமுக்கு 200 சதுர மீட்டர் போல இருந்த பரப்பு ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. இழந்த ஹைட்ராக்சில் காற்றிலிருந்தே திரும்பி வரும். இழந்த பரப்பு வராது.

இப்போது என் நோட்டில் சூட்டின் அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி: ஃபர்னஸிலிருந்து எடுத்த பின் எத்தனை நிமிடம் காற்றில் இருந்தது.