வார்டு நாட்கள்

செப்டம்பர் 4
தம்பியின் ஆபரேஷனுக்குத் தேதி இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5
தூக்கம் வராமல் படிக்கக் கூடாததைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1945 மே 5, ஜப்பானின் கியூஷூ தீவு வானில் ஜப்பானியப் போர் விமானம் ஒன்று அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானத்தின் மீது வந்து மோதியது. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டவர்களில் கேப்டன் மார்வின் வாட்கின்ஸை மட்டும் விசாரணைக்கு டோக்கியோ அனுப்பினார்கள். பிழைத்தார். அந்தத் தீவின் ஃபுகுவோகா நகரத்தில் இருந்த கைதிகளில் எட்டுப் பேர் கியூஷூ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்குப் போனார்கள்.

செப்டம்பர் 6
தம்பி இன்று நன்றாகச் சாப்பிட்டான்.

செப்டம்பர் 8
சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜப்பானிய மருத்துவப் பள்ளிக்குக் காயத்தோடு வந்த கைதி ஒருவன், வைத்தியம் பார்க்கத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று நினைத்தானாம். மயக்க மருந்து கொடுத்து நுரையீரலை எடுத்தார்கள். ரத்தத்துக்குப் பதில் கடல்நீர் ஏற்றிப் பார்த்தார்கள். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தோஷியோ தோனோ, மருத்துவ மாணவர். மயக்க மருந்து கொடுத்தார்கள் என்பதை ஏன் இரண்டு தடவை படித்தேன்?

செப்டம்பர் 9
தள்ளிவைத்துவிட்டார்கள். காய்ச்சல்.

செப்டம்பர் 10
அந்தப் பொய் விடமாட்டேன் என்கிறது. போர் முடிந்து அமெரிக்கர்கள் விசாரித்தபோது, ஜப்பானியத் தரப்பில், கைதிகளை ஹிரோஷிமாவுக்கு அனுப்பினோம், குண்டில் போய்விட்டார்கள் என்றார்கள். அங்கே நிஜமாகவே சில அமெரிக்கக் கைதிகள் குண்டில் இறந்திருந்தார்கள், அதனால் நம்பும்படி இருந்தது. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்: உடல் கேட்க முடியாத ஊர் எது என்று. கத்தியைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது ஆராய்ச்சி வெறி, அதிகாரிக்குப் பயம் என்று ஏதாவது சொல்லலாம். இது நிதானமாகச் செய்தது. எங்கோ ஒரு அம்மா ஹிரோஷிமாவை நினைத்து அழுதிருப்பாள்.

செப்டம்பர் 11
காய்ச்சல் இறங்கியது. சரி.

அறுவை செய்த பேராசிரியர் இஷியாமா 1946இல் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார். 1948இல் யோகோஹாமாவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் 23 பேருக்குத் தண்டனை, அதில் ஐந்து தூக்கு. ஒன்றுகூட நிறைவேறவில்லை. தோனோ மகப்பேறு மருத்துவரானார், பிற்பாடு எல்லாவற்றையும் எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் தன் அருங்காட்சியகத்தில் இதற்கு இடம் கொடுத்தது 2015இல்தான். எழுபது வருஷம்!

செப்டம்பர் 12
நாளை முதல் கேஸ் இவன்தான். "எந்நேரமும் போனையே பாத்துட்டிருக்கியே, என்னக்கா?" என்றான். கிரிக்கெட் என்றேன். ஸ்கோர் கேட்கிறான்.