கைமாறிய கைக்குட்டை: ‘ஒதெல்லோ’வில் யார் யாருக்குச் சொந்தம்?

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகம் தொடங்குவதே ஒரு திருட்டுக் கூச்சலோடுதான். வீட்டைப் பார், மகளைப் பார், பணப்பைகளைப் பார் என்று நள்ளிரவில் வெனிஸ் செனட்டர் பிரபான்சியோவின் வாசலில் நின்று, ஒதெல்லோவின் படையில் கொடியேந்தியான (கொடி தாங்கும் அதிகாரி) இயாகோ கத்துகிறான். வீட்டுக்கும் பணப்பைக்கும் நடுவில் மகள். அயோக்கியன் பேச்சு என்று இதை ஒதுக்க முடியாது. அடுத்த காட்சியில், மகளை ரகசியமாக மணந்த மூர் (ஆப்பிரிக்க வம்சாவளி) தளபதி ஒதெல்லோவை நேரில் கண்டதும் தகப்பனும் அதையே கேட்கிறார்: ‘திருடா, என் மகளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?’

தானே விரும்பி மணந்ததாக அந்த மகள் டெஸ்டிமோனா வெனிஸ் செனட் சபையில் தெளிவாகச் சொல்கிறாள். சபை ஏற்கிறது, தகப்பன் ஏற்கவில்லை. ‘அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம்’ என்று மருமகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் ஒதெல்லோவின் மனதில் சந்தேகத்தை விதைக்க இயாகோ எடுத்து வீசுவது இதே வாக்கியத்தைத்தான். அவன் புதிதாகப் பொய் புனைய வேண்டிய தேவையே அங்கே இல்லை. பெண் ஒருவருடைய உடைமை என்று நம்புகிறவனுக்கு, அவள் எடுத்த சொந்த முடிவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. சந்தேகம் ஏறியதும் ஒதெல்லோ புலம்புவதும் இதைத்தான்: இவர்களை நம்முடையவர்கள் என்கிறோம், இவர்களுடைய ஆசை நம்முடையதாவதில்லையே!

இனி கைக்குட்டை, ஒதெல்லோ டெஸ்டிமோனாவுக்குத் தந்த முதல் பரிசு. அது போகும் வழியை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். தலைவலி என்கிற கணவனின் நெற்றியில் டெஸ்டிமோனா அதைக் கட்டப் போகிறாள். சிறியதாக இருக்கிறது என்று அவனே தள்ளிவிடுகிறான், கீழே விழுகிறது. ‘விட்டுவிடு’ என்பதும் அவன்தான். இயாகோவின் மனைவியும் டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணுமான எமிலியா எடுக்கிறாள். பூவேலையைப் பிரதி எடுத்துக் கணவனுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறாள். இயாகோ மூலத்தையே பிடுங்கிக்கொண்டு, டெஸ்டிமோனாவின் கள்ளக்காதலன் என்று தான் பழிசுமத்தும் துணைத்தளபதி காசியோவின் அறையில் போடுகிறான். யாருடையது என்று தெரியாத காசியோ, இதே மாதிரி தைத்துக் கொடு என்று தன் காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். மூன்று பெண்களின் கைபட்ட துணி இது. ‘இதில் எனக்கு வேலை இல்லை’ என்று திருப்பி எறிபவள் பியாங்கா மட்டுமே. ஒளிந்து நிற்கும் ஒதெல்லோவுக்கு அந்தக் கோபமே ஆதாரமாகப் படுவதுதான் கொடுமை.

மேடையேற்றுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெறும் வெள்ளைத் துணியை வைத்தால் நான்காம் அங்கத்தில் பியாங்கா எறிவது அதேதானா என்று கடைசி வரிசைக்குத் தெரியாது. துணியில் ஸ்ட்ராபெர்ரி வேலைப்பாடு இருப்பதாக நாடகமே சொல்கிறது. அந்தச் சிவப்பு தூரத்திலிருந்து தெரிய வேண்டும். விழும் நேரத்தில் வேறு அசைவு எதுவும் கூடாது.

அதைவிட முக்கியமானது எமிலியாவின் ஒரு வரி. மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில், ‘அதை எங்கே தொலைத்திருப்பேன்?’ என்று டெஸ்டிமோனா கேட்கிறாள். ‘எனக்குத் தெரியாது, அம்மணி’ என்கிறாள் எமிலியா. சற்று நேரத்தில் ஒதெல்லோ வந்து கைக்குட்டை, கைக்குட்டை என்று வெடிக்கும்போதும் அவள் மேடையில்தான் நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் நாடகம் அங்கேயே முடிந்துவிடும். இந்த மௌனத்துக்கு நடிகை ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு மூலமான சிந்தியோவின் இத்தாலியக் கதையில் (1565) கொடியேந்தியின் குழந்தையை டெஸ்டிமோனா தூக்கி வைத்திருக்கும்போது, இயாகோவுக்கு இணையான அந்தக் கொடியேந்தியே திருடுகிறான். அவன் மனைவிக்குத் திருட்டில் பங்கில்லை. அந்தப் பழியை மனைவியின் கையில் வைத்தது ஷேக்ஸ்பியர்.

1622 குவார்ட்டோ பதிப்பைவிட (நாடகம் தனியாக அச்சான சிறு நூல்) 1623 ஃபோலியோவில் (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய தொகுப்பு) சுமார் 160 வரிகள் அதிகம். ஒதெல்லோ தன்னைக் கொல்லும் இரவில் டெஸ்டிமோனா பாடும் வில்லோ பாட்டும், மனைவிகளுக்கும் கணவர்களைப் போலவே உணர்வு உண்டு என்னும் எமிலியாவின் பேச்சும் அவற்றில் அடங்கும். நேரம் போதவில்லை என்று இவற்றை வெட்டுவது பெரிய தவறு. வெட்டினால், கடைசிக் காட்சியில் ‘கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது இல்லை’ என்று கணவன் முன் அவள் நிமிர்வது எங்கிருந்தோ திடீரென வந்து விழுந்ததுபோல் இருக்கும். கைக்குட்டையைப் பற்றிய உண்மையை அவள் சொல்லி முடித்ததும் இயாகோ குத்துகிறான். எஜமானியின் பக்கத்தில் கிடத்துங்கள் என்று கேட்டு, அதே வில்லோ பாட்டின் வரியோடு சாகிறாள்.

முடிவில் ஒதெல்லோ தற்கொலை செய்துகொண்டபின், வெனிஸ் தூதர் லொடோவிகோ இடும் ஒரு கட்டளையைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டைக் காத்துக்கொள், மூரின் சொத்தைக் கைப்பற்று, அது உனக்கே சேரும் என்று அவர் கிராஷியானோவிடம் சொல்கிறார். கிராஷியானோ, பிரபான்சியோவின் தம்பி அல்லது அண்ணன், எப்படியும் உடன்பிறந்தவர். கட்டிலில் டெஸ்டிமோனா கிடக்க, சொத்து அவள் தகப்பன் வீட்டு ஆணிடமே திரும்பிப் போகிறது.