மைனஸில் கொதிக்கும் நைட்ரஜன்

நைட்ரஜன் வாயு தயாரிப்பைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். காற்றைத் திரவமாக்கிப் பின்னக் காய்ச்சி வடித்தால், அதாவது கொதிநிலை வித்தியாசத்தை வைத்துப் பிரித்தால், -196 டிகிரியில் நைட்ரஜன் முதலில் கொதித்துக் கிளம்பிவிடும். ஆக்சிஜன் -183 வரை பொறுத்திருக்கும். 'மைனஸ்ல எப்படி சார் கொதிக்கும்?' என்று ஒரு குரல் வராத வருடமே இல்லை. நல்ல கேள்விதான்.

திணறல் எல்லாம் நைட்ரிக் அமிலத்தில். அம்மோனியாவிலிருந்து அந்த அமிலத்தைத் தயாரிக்கும் ஆஸ்வால்டு முறையை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். நான் நிறத்தை வைத்துச் சொல்லித்தருவேன். அம்மோனியாவும் காற்றும் சுமார் 850 டிகிரியில் பிளாட்டினம்-ரோடியம் வலையைத் தாண்டினால் நைட்ரிக் ஆக்சைடு, நிறம் கிடையாது. குளிர்ந்து இன்னும் ஆக்சிஜன் சேர்ந்தால் பழுப்பான நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைத் தண்ணீர் உறிஞ்சினால் அமிலம், கூடவே கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு. ஆலையில் அதை வீணாக்காமல் மறுபடி சுழற்சிக்கு அனுப்புவார்கள். பாதிப் பேர் விடைத்தாளில் இந்த நைட்ரிக் ஆக்சைடை விட்டுவிட்டு, சமன்பாடு சமனாகவில்லையே என்று விழிப்பார்கள்.

அப்புறம், அமில பாட்டில் ஏன் பழுப்புக் கண்ணாடி என்று கேட்டார்கள். வெளிச்சம் பட்டால் அமிலம் சிதைந்து மஞ்சளாகும். அடர் அமிலம் விரலில் பட்டால் தோலும் மஞ்சள்தான், தேய்த்தாலும் போகாது. சரி, நாளை ஆய்வகத்தில் யாரும் சோதித்துப் பார்க்காமல் இருந்தால் போதும்.