செய்துவிட்டுச் சொன்னால் போதும்

ஏப்ரல் 4, 2025, வெள்ளி

பக்கம் அச்சுக்குப் போனபோது மணி ஒன்றே முக்கால். கேண்டீன் மூடிவிட்டது. ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இன்றைய சண்டை ஒரு படக்குறிப்புக்காக. டியாகோ கார்சியா ஓடுபாதையில் ஆறு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் நிற்கும் செயற்கைக்கோள் படம் வந்திருந்தது. அமெரிக்காவிடம் இருப்பவை மொத்தமே இருபதுக்குள்தான். அதில் ஆறு இங்கே. புதிதாகச் சேர்ந்த பையன் எட்டிப் பார்த்து, "காக்கா உக்காந்த மாதிரி இருக்கு சார்" என்றான். சரி, குறிப்பில் என்ன எழுதுவது? அமெரிக்கத் தளம் என்றால் பாதி உண்மை. தீவை வைத்திருப்பது பிரிட்டன். அது மொரிசியஸுக்குச் சேரவேண்டியது என்று 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த சாகோஸ் மக்களோ தீவு எங்களுடையது என்கிறார்கள். இவ்வளவையும் பன்னிரண்டு சொல்லில் அடக்க முடியுமா? கடைசியில் "இந்தியப் பெருங்கடலில் உள்ள டியாகோ கார்சியா தீவில்" என்று போட்டுத் தப்பித்தோம். கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஃபோன் போட்டுத் திட்ட ஆளில்லை.

ஏமனில் மார்ச் 15-இலிருந்து அமெரிக்கா குண்டு போட்டுக்கொண்டிருக்கிறது. போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்று அவர்கள் அரசமைப்பின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. (காங்கிரஸ் என்று எழுதினால் நம் வாசகர் சத்தியமூர்த்தி பவனை நினைத்துக்கொள்வார் என்று எங்கள் டெஸ்க்கில் நாடாளுமன்றம் என்றே போடுவது வழக்கம்.) இந்தத் தாக்குதலுக்காக அங்கே ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை. ஆனால் தி அட்லாண்டிக் இதழின் ஆசிரியரைத் தாக்குதலைப் பற்றி அமெரிக்க அமைச்சர்கள் பேசிக்கொண்ட சிக்னல் செயலிக் குழுவில் தவறுதலாகச் சேர்த்துவிட்டதால், முதல் குண்டு விழுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே அவருக்குத் திட்டம் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் பத்திரிகையில் இருந்துவிட்டேன். எனக்கு இப்படி ஒரு தவறு நடக்கவே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாகர்கோவிலுக்குப் பேசினேன். அப்பா படத்தைப் பார்த்திருக்கிறார்.

"டீகோ கார்சியாதானே மக்களே? நீங்க என்னத்துக்கு டியாகோங்கீங்க?"

எண்பதுகளில் மேடைக்கு மேடை அந்தப் பெயர் அடிபடும் என்றார். திருகோணமலையும் இன்னொரு டீகோ கார்சியா ஆகிவிடும் என்ற பயம் அப்போது டெல்லிக்கு இருந்தது. 1987 ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவமும் அந்தத் துறைமுகத்தைப் பயன்படுத்த விடமாட்டோம் என்று இலங்கையிடம் எழுதி வாங்கியது அதனால்தான். எங்கள் மாவட்டத்துக்கு அந்தத் தீவு மேடைப் பேச்சு மட்டும் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுக்காரர்கள் அந்தக் கடலுக்குள் போய்ப் பிடிபட்டு, அபராதம் கட்டிவிட்டு வந்த கதைகள் ஊரில் உண்டு.

அப்பாவிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். மொரிசியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965-இல், டியாகோ கார்சியாவும் சேர்ந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டது. மறு வருடம் அங்கே தளம் அமைக்க விட அமெரிக்காவோடு கடிதப் பரிமாற்றம். வாடகை கிடையாது. அதற்குப் பதில் பிரிட்டன் அமெரிக்காவிடம் பொலாரிஸ் ஏவுகணை வாங்கிய கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி. நேரடியாகப் பணம் கொடுத்தால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒப்புதல் கேட்க வேண்டியிருக்கும், கழித்துக்கொண்டால் கேட்க வேண்டாம். தளம் பிறந்ததே அவர்கள் சபைக்குத் தெரியாமல்தான். 1968-க்கும் 1973-க்கும் நடுவே தீவுக்கூட்டத்திலிருந்த ஆயிரத்து ஐந்நூறு பேருக்கும் மேல் மொரிசியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அங்கே மக்களே இல்லை என்ற மாதிரிதான் நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. 1975-இல் ஒரு பத்திரிகை அவர்களை மொரிசியஸ் சேரியில் கண்டுபிடித்து எழுதிய பிறகே வாஷிங்டனில் விசாரணை நடந்தது.

நாய்களைப் பற்றியும் படித்தேன். தீவுக்காரர்களின் வளர்ப்பு நாய்களை, கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் கொப்பரை காயும்போது எங்கள் மணி அந்தச் சாக்கின் மேலேயே படுத்துக்கிடக்கும். காக்காய் விரட்டுவது அதன் வேலை. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்ல?

மே 23, வெள்ளி, விடிகாலை

நேற்று ஒரே நாளில் மூன்று முறை செய்தியைத் திருத்தி எழுதினேன். சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரிசியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு லண்டனில் அதிகாலை 2.25-க்கு நீதிபதி ஒருவர் தடை போட்டார். டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் தீவை எப்படிக் கொடுக்கலாம் என்று போட்ட வழக்கு. காலையில் பல் தேய்க்கும்போது ஃபோனில் அதைப் பார்த்தேன். நண்பகல் தாண்டியதும் இன்னொரு நீதிபதி தடையை விலக்கினார். சாயந்திரத்துக்குள் பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் கையெழுத்துப் போட்டுவிட்டார். தீவுக்கூட்டம் மொரிசியஸுக்கு, தளம் மட்டும் 99 வருடக் குத்தகை, வருடத்துக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு வாடகை.

இன்னொன்று. 2019-இல் இதே மே 22-ஆம் தேதிதான் ஐ.நா. பொதுச்சபை 116-க்கு 6 என்று பிரிட்டனை வெளியேறச் சொன்னது. தேதி பார்த்தா கையெழுத்து வைத்திருப்பார்கள்? இல்லை, சும்மா அமைந்ததுதான். பெட்டிச் செய்தியாகப் போடலாம் என்றேன், இடமில்லை என்றார்கள்.

மே 27, செவ்வாய்

விடுமுறை. ஒப்பந்தத்தை முழுதாக உட்கார்ந்து படித்தேன். பின்னிணைப்பில் ஒரு வரி. இந்தத் தளத்திலிருந்து நேரடியாக வேறொரு நாட்டின்மேல் ஆயுதத் தாக்குதல் நடந்தால், பிரிட்டன் அதை மொரிசியஸுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லவேண்டுமாம் என்று லண்டனில் எதிர்ப்பாளர்கள் கூச்சல் போட்டார்கள். வாசகம் அப்படி இல்லை. நடந்த பிறகு சொன்னால் போதும்.

இதே ஏற்பாட்டை எங்கோ படித்திருக்கிறோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அமெரிக்காவின் 1973 போர் அதிகாரச் சட்டம். அதிபர் படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், படையைப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவர இன்னொரு 30 நாள். நிக்சன் ரத்து செய்து திருப்பி அனுப்பியும் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்றிய சட்டம் அது. கடிவாளம் என்று நினைத்துத்தான் போட்டார்கள். அந்த 60 நாளும் ரப்பர் மாதிரி இழுபட்டது. 2011-இல் லிபியாவில் கெடு தாண்டியபோது, இது சட்டம் சொல்லும் 'சண்டை' அளவுக்கு இல்லை என்று ஒபாமா தரப்பு விளக்கம் கொடுத்தது. தரையில் நம் ஆள் இல்லை, திருப்பிச் சுடுவாரும் பெரிதாக இல்லை, பிறகு அது எப்படிச் சண்டை?

நம் வீட்டில் இதற்கு ஒரு கேள்வி உண்டு: "கேக்கிறியா, சொல்றியா?" போன மாதம் மகள் மெசேஜ் அனுப்பினாள், கல்லூரித் தோழிகளோடு மைசூர் போவதாக. அனுப்பும்போதே ரயில் காட்பாடி தாண்டியிருந்தது. கோபம் வந்தது. சொல்லியாவது அனுப்பினாளே என்று மனைவி சமாதானப்படுத்தினாள். டிக்கெட் காசு யார் கொடுத்தது என்று நானும் கேட்டுவைத்தேன். பணப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அதிகாரம் என்று அமெரிக்க அரசமைப்பை எழுதியவர்கள் நம்பினார்கள். மகள் ஏற்கெனவே அம்மாவிடம் வாங்கியிருந்தாள்.

தீவைப் பற்றி இன்னொன்றும் எழுதவேண்டும். 2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பிய ஈழத்தமிழர்களின் படகு தத்தளித்து அங்கே கரையேறியது. மூன்று வருடத்துக்கு மேல் வேலிக்குள், கூடாரத்தில், எலிகளோடு. அடைத்துவைத்ததை எதிர்த்துப் போட்ட வழக்கை அந்தத் தீவின் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். நீதிபதியும் வக்கீல்களும் 2024 ஜூலையில் கிளம்பத் தயாரானபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்கா அனுமதியை விலக்கிக்கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி, பிரிட்டிஷ் நீதிமன்றம். விருந்தாளி வாசலை அடைத்துவிட்டான். விசாரணை செப்டம்பரில்தான் நடந்தது. பெரும்பாலானவர்களை டிசம்பரில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்ற தீர்ப்பு அதற்கப்புறம் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

எங்கள் பக்கம் இன்று அவமானப்பட்டது.

நேற்றிரவு வந்த பெரிய செய்தி, பி-2 விமானங்கள் அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து மேற்கே பறக்கின்றன, பசிபிக்கில் இருக்கும் குவாம் தளத்துக்குப் போகின்றன என்பது. வரைபடம் போட்டு, அம்புக்குறி போட்டு, நான்கு பத்தி அகலம் கொடுத்தேன். குவாமிலிருந்து டியாகோ கார்சியா போகுமா என்று துணைத் தலைப்பு வேறு. ஒன்றரைக்கு அச்சுக்குப் போனது. நாலு மணிக்கு மேல் ஈரானின் ஃபோர்டோ அணுசக்தி மையத்தில் குண்டு விழத் தொடங்கியது. ஐந்து இருபதுக்கு டிரம்ப் அறிவித்தார். வாசகர் வாசலில் பேப்பரை எடுத்து 'குவாம் நோக்கி' என்று படித்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

மேற்கே போனவை கண்கட்டு. உண்மையான ஏழும் சத்தமில்லாமல் கிழக்கே போயிருக்கின்றன. போக வர 37 மணி நேரம், நடுவானில் எரிபொருள், ஃபோர்டோவிலும் நடான்ஸிலும் 14 குண்டுகள், ஒவ்வொன்றும் 13,600 கிலோ. இரண்டு மாதமாக நான் கண் வைத்திருந்த டியாகோ கார்சியாவுக்கு வேலையே வரவில்லை. வந்திருந்தால் லண்டனிடம் கேட்டிருக்க வேண்டும். மிசௌரியில் யாரைக் கேட்பது?

நாடாளுமன்றத்தைத்தான். விமானங்கள் ஆபத்தில்லாமல் வெளியே வந்த பிறகு அவர்களுக்குத் தெரிவித்தோம் என்று பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத் நிருபர்களிடம் சொன்னார். தப்பொன்றும் இல்லாத குரலில்.

குவாம் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 1969-இல் பி-52 விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பிக் கம்போடியாவில் குண்டு போட்டன. பதிவேட்டில் இலக்கு தெற்கு வியட்நாம் என்று எழுதிவைத்தார்கள். பதினான்கு மாதம் இரட்டைக் கணக்கு. 1973 சட்டம் வந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

நியூஸ் எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. "உலகமே ஏமாந்துச்சு, விடுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

நேற்றிரவு ஒன்பதேகாலுக்குக் கத்தார் வான்வழியை மூடியது. பத்து மணி தாண்டி அங்கிருக்கும் அல் உதைத் அமெரிக்கத் தளத்தின்மேல் ஈரான் ஏவுகணை. சித்தி மகன் தோஹாவில் இருக்கிறான். அவனே கூப்பிட்டுவிட்டான். "அண்ணே, ஜன்னல்லாம் அதிருது. மொட்டை மாடில எல்லாரும் நின்னு வீடியோ எடுக்குறானுவ." கீழே போடா என்று கத்தினேன். பக்கத்து டெஸ்க்கில் இரண்டு பேர் இதே மாதிரி யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அல் உதைத் தோஹாவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த ஊரில் கட்டடம் கட்டுபவன், டாக்ஸி ஓட்டுபவன் எல்லாம் நம் ஆள். அமெரிக்க வீரர்கள் பத்தாயிரம் பேர் என்று எழுதுகிறோம், இவனை எந்த எண்ணில் எழுதுவது?

நள்ளிரவுக்கு மேல் டிரம்பின் பதிவு வந்தது. மொழிபெயர்க்க உட்கார்ந்தவன் இரண்டு முறை படித்தேன். முன்கூட்டியே தகவல் சொன்னதற்காக ஈரானுக்கு நன்றி, அதனால் உயிர்ச்சேதம் இல்லை. எதிரி சொல்லிவிட்டு அடித்திருக்கிறான். பதினான்கு ஏவுகணைகள், இவர்கள் போட்ட பதினான்குக்குச் சரியாக. சொந்த சபைக்குக் கடிதம் நேற்றைய தேதியிட்டுப் போயிருக்கிறது. 48 மணி நேரம் தாண்டவில்லை, அதைச் சொல்லவேண்டும்.

அந்தக் கடிதத்தில் ஒரு சொல். சட்டத்தின்படி தெரிவிக்கிறேன் என்று அதிபர்கள் எழுதுவதில்லை, சட்டத்துக்கு இசைவாகத் தெரிவிக்கிறேன் என்பார்கள். ஐம்பது வருடமாக இரண்டு கட்சி அதிபர்களும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் என்னைக் கட்டுப்படுத்துகிறது என்று எழுத்தில் ஒத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி. 'இசைவாக' என்று போட்டேன். பிழைதிருத்துநர் 'படி' என்று மாற்றிவிட்டார். திரும்ப மாற்றுவதற்குள் அச்சுத் தட்டு போய்விட்டது.

ஜூன் 28, சனி

விடிகாலையில் அமெரிக்க மேலவையான செனட்டில் வாக்கெடுப்பு. ஈரானுக்கு எதிரான சண்டையைச் சபையின் ஒப்புதல் இல்லாமல் தொடரக்கூடாது என்ற டிம் கெய்னின் தீர்மானம், 47-க்கு 53 என்று தோற்றது. குடியரசுக் கட்சியில் ராண்ட் பால் ஒருவர் ஆதரவு, ஜனநாயகக் கட்சியில் ஃபெட்டர்மன் ஒருவர் எதிர்ப்பு. ஜெயித்திருந்தாலும் அதிபரின் ரத்து காத்திருக்கும். 2019-இல் ஏமன், 2020-இல் ஈரான், இரண்டுக்கும் அதுதான் நடந்தது. கெய்ன் இதைக் கொண்டுவந்தது ஜூன் 16. அமெரிக்கத் தேதிப்படி குண்டு விழ ஐந்து நாள் முன்பு. கேட்காமல் போகாதே என்று முன்னாலேயே சொல்லிப் பார்த்த மனிதர்.

பதினோராம் பக்கத்தில் எட்டு வரி கிடைத்தது. கீழே ஆடி மாதத் தள்ளுபடி விளம்பரம், இன்னும் ஆனியே முடியவில்லை.

பையன் கேட்டான்: "சார், தலைப்புல போர்னு போடலாமா? யாரும் அறிவிக்கவே இல்லையே." நியாயமான கேள்விதான். அமெரிக்கா கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல். கொரியா, வியட்நாம், இராக் எதற்கும் அந்த அறிவிப்பு இல்லை. 'ராணுவ நடவடிக்கை' என்று அடித்துப் பார்த்தான். ஒற்றைப் பத்தி அகலத்தில் நிற்காமல் மடங்கி மூன்றாவது வரிக்குப் போனது.

"போர்னே போடு," என்றேன். "அதுதான் உட்காரும்."