ராத்திரி அதுக்குக் கரண்டு எப்படி?

அம்பாசமுத்திரத்தில் இருட்டிய பிறகும் மினுங்காமல் நகரும் புள்ளியைக் காட்டி, இணையம் தரும் செயற்கைக்கோள் என்றேன். "ஏலே, ராத்திரி அதுக்குக் கரண்டு எப்படிடே?" என்றார் சித்தப்பா.

சரியான கேள்வி. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் அப்போதும் வெயில்தான். ஆனால் 95 நிமிடச் சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை பூமியின் நிழலுக்குள் போய், பேட்டரியில் ஓடும். இன்வெர்ட்டர் மாதிரிதான்: அடிமட்டம் வரை இறக்கினால் ஆயுள் குறையும். இங்கே என்றால் மாற்றிவிடலாம், மேலே யார் போவது?

அதனால், செயற்கைக்கோள்கள் லேசரில் தரவைக் கைமாற்றும்போது வெயிலில் இருப்பவை வழியாகச் சுற்றி அனுப்பலாம் என்பது ஒரு யோசனை. நிழல் எப்போது, எங்கே என்று முன்பே கணக்கிட்டுவிடலாமே! ஆனால் நடுவழியைத்தான் மாற்ற முடியும். நள்ளிரவில் நம் தலைக்கு மேலே இருப்பது நிழலில் இருந்தாலும் உழைத்தே ஆகவேண்டும். சுற்றுவழியில் தாமதமும் கொஞ்சம் கூடும். பேக்கப்புக்குப் பரவாயில்லை, வீடியோ காலுக்கு நான் நேர்வழியைத்தான் கேட்பேன்.